வயசு எட்டு... முகத்தில் நரை... வீடு தேவை!

'வரன் தேவை. வயது எட்டு. நிறம் கறுப்பு, முகவாயில் மட்டும் நரை. சைவம், அசைவம் இரண்டும் சம்மதம். குடி, சிகரெட் கிடையாது. தூக்கத்தில் லேசாகக் குறட்டை உண்டு. ஜாதி தடையில்லை. ஏனென்றால், வரனுக்கே தன் ஜாதி என்னவென்று தெரியாது!'

இப்படி ஒரு விளம்பரம் கொடுத்தால் எத்தனை பேர் பதில் போடுவார்கள்? 'எட்டு வயசு நாயா? அது ரிட்டயர்மென்ட் கேஸாச்சே!' என்று நீங்களே பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

நாய்க் காப்பகங்களில் நடப்பதும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். கார்கள் வந்து நிற்கும். குழந்தை குட்டிகளோடு இறங்குவார்கள். நேரே நாய்க்குட்டிகள் இருக்கும் கூண்டுக்குத்தான் ஓட்டம். "அய்யோ, ச்சோ ச்வீட்!" என்று நாலு செல்ஃபி. குட்டி கைமாறிவிடும். கடைசி வரிசைக் கூண்டில் ஒரு பெரிசு எழுந்து நின்று, வாலை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, யாரும் வராததால் பழையபடி படுத்துக்கொள்ளும். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும்.

நான் அந்தக் கடைசி வரிசையிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தேன். பெயர் டைகர். பீளமேட்டில் என் வாடகை வீட்டுக்கு வந்து வருஷம் ஒன்றாகிறது. டைகர் பயப்படும் விஷயங்கள் இந்த உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று, பட்டாசு. இன்னொன்று, பிரஷர் குக்கர். மூன்றாவது விசில் வருவதற்குள் புலியார் கட்டிலுக்கு அடியில்!

இந்தக் கட்டுரை டைகர் புராணம் இல்லை. ஆபீஸ் போகும், தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நாய் வளர்க்க ஆசையா? குட்டி வேண்டாம். பெரிசாகப் பாருங்கள்!

வந்த கதை

காப்பகத்தில் இருக்கும் பெரிய நாய்களெல்லாம் கடித்து, பிராண்டி, கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு வந்தவை என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அதுதான் இல்லை! பெரும்பாலும் தப்பு நாயிடம் இருக்காது. பெங்களூருக்கு டிரான்ஸ்ஃபர், வீட்டில் புதுக் குழந்தை, அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோகிறார்கள், வளர்த்த பெரியவர் காலமாகிவிட்டார், குட்டி போட்டு விற்றுக்கொண்டிருந்த பெட்டைக்கு வயதாகிவிட்டது... இப்படித்தான் இருக்கும் காரணங்கள். காப்பகத்தில் கொண்டுவந்து விடுகிறவர்களாவது பரவாயில்லை. பைபாஸ் ரோட்டில் கார் கதவைத் திறந்து இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இது சட்டப்படி குற்றம். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பட்டினியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிட்டால் தண்டனை என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! எட்டு வருஷ விசுவாசத்தைத் தெருவில் விடுவதற்கு, ஒரு நெய் ரோஸ்ட் விலைகூட இல்லை.

நம் ஊரில் இந்தத் தலைவலியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் மினி வாசுதேவன். சாஃப்ட்வேர் இன்ஜினீயர். அமெரிக்காவில் இருந்துவிட்டுக் கோவைக்குத் திரும்பியவர். 2006-ல் ஆரம்பித்த 'ஹியூமேன் அனிமல் சொசைட்டி' மூலமாகத் தெருநாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி, அடிபட்டவற்றுக்குச் சிகிச்சை என்று இறங்கினார். மகளிர் தினத்தன்று ஜனாதிபதி கையால் 'நாரி சக்தி' விருதும் வாங்கினார். சென்னையின் ப்ளூ கிராஸ் இவர்களுக்கெல்லாம் சீனியர். 1959-ல் விமானி கேப்டன் சுந்தரம், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்ததில் தொடங்கிய கதை அது.

எத்தனை நல்லவர்கள் எத்தனை காப்பகம் கட்டினாலும் கணக்கு ஒன்றுதான். உள்ளே வரும் நாய்கள் ஜாஸ்தி. வெளியே போகும் நாய்கள் கம்மி. அதிலும் நரைத்தவை வெளியே போவது மிக மிகக் கம்மி.

அப்புச்சியின் சந்தைப் பாடம்

டைகரைக் கூட்டி வருவதற்கு முன்னால் எனக்கு ஏகப்பட்ட அட்வைஸ். "கிழடை வாங்கி என்னடா பண்ணப் போற?" என்றான் ஆபீஸ் நண்பன். "நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டுல வெச்சாலும்..." என்று ஆரம்பித்தாள் அத்தை. சரி, விவரம் தெரிந்த ஆளிடம் கேட்போம் என்று காங்கயம் பக்கத்திலிருக்கும் அப்புச்சிக்கு போன் போட்டேன். அம்மாவைப் பெற்றவர். ஆயுசு முழுக்க மாடும் ஆடுமாகவே வாழ்ந்தவர்.

"ஏனுங் அப்புச்சி, எட்டு வயசு நாய் ஒண்ணு இருக்குதுங்க. கூட்டிட்டு வரலாமான்னு ரோசனையா இருக்குதுங்க."

"கடிக்குமா கண்ணு?"

"இல்லீங். சாதுங்க."

"அப்பறம் என்ன ரோசனை? கன்னுக்குட்டி புடிச்சா ரண்டு மூணு வருசம் தீனி போட்டுக் காத்துக் கெடக்கோணும். மொரடா வருமோ, சண்டியா வருமோ, ஆரு கண்டா? பழகுன சோடின்னா நாளைக்கே ஏரு பூட்டலாம். கண்ணபுரம் சந்தையில போயிக் கேட்டுப் பாரு. பழகுன சோடிக்கு என்ன வெலை, கன்னுக்கு என்ன வெலைன்னு!"

கொங்கு நாட்டில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேர்ந்தது என்று வயதுக்குத் தனிக் கணக்கே உண்டு. ஆனால், வயது கூடினால் மதிப்பு உடனே குறைந்துவிடுவதில்லை. நுகத்தடிக்குப் பழகியிருக்கிறதா, பேச்சுக்குக் கட்டுப்படுமா என்றுதான் பார்ப்பார்கள். இந்த ஞானம் நாய் விஷயத்தில் மட்டும் நமக்கு மறந்துபோகிறது.

அப்புச்சிக்கு நாய்ப் பிரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பட்டியிலேயே நாலு ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துப் போட்டிருக்கின்றன. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் இது பெரிய துயரம். 2024, 2025-ல் செத்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். "டவுன்காரன் கொண்டாந்து எங்கூரு எல்லையில உட்டுட்டுப் போறான். அது பசியில என்ன பண்ணும்? நீ ஒண்ணைக் கூட்டிட்டுப் போனா இங்க ஒண்ணு கொறையுது" என்றார். ஒரே வரியில் பொருளாதாரம், நீதி, தர்மம் மூன்றும் முடிந்தது.

ஆபீஸ்காரனும் நாய்க்குட்டியும்

குட்டி நாய் அழகுதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் காலை எட்டரைக்குப் பைக்கை எடுத்தால் ராத்திரி ஏழுக்கு வீடு திரும்பும் ஆசாமிக்கு அது சரிப்படாது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நாலாம் மாதத்திலிருந்து பல் விழுந்து முளைக்கும். ஊறல் தாங்காமல் செருப்பு, சார்ஜர் ஒயர், ஹெல்மெட் ஸ்ட்ராப் எல்லாம் பலகாரமாகும். தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே விடவும் பயம். பெரிசாக வளர்ந்தால் என்ன சைஸ், என்ன குணம் என்பதெல்லாம் லாட்டரிச் சீட்டு.

எட்டு வயது நாயிடம் சஸ்பென்ஸே கிடையாது. இதுதான் சைஸ். இதுதான் குணம். பூனையைக் கண்டால் துரத்துமா, குழந்தையைக் கண்டால் ஒதுங்குமா, எல்லாம் காப்பகத்திலேயே தெரிந்துவிடும். நாளில் பாதிக்கு மேல் தூங்கும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, இரண்டு வேளைச் சோறு, பக்கத்தில் ஒரு ஆள். அவ்வளவுதான் டிமாண்ட்!

'அதெல்லாம் சரி ஸார். இன்னொருத்தரிடம் வளர்ந்த நாய் என்னிடம் ஒட்டுமா?' என்கிறீர்களா? ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்து 2001-ல் எழுதியிருக்கிறார்கள். காப்பகத்திலிருந்த வளர்ந்த நாய்களோடு ஒரு புது ஆள் பத்துப் பத்து நிமிஷமாக மூன்றே தடவை பழகினார். அதற்குள் அந்த ஆளைச் சொந்தக்காரராகவே நடத்த ஆரம்பித்துவிட்டனவாம்! மொத்தமே அரை மணி நேரம். நம் ஆபீஸில் பக்கத்து சீட்காரர் 'குட்மார்னிங்' சொல்லவே ஆறு மாதம் ஆகிறது.

இன்னொரு சந்தேகம், வயதுக் கணக்கு. நாய்க்கு ஒரு வருஷம் என்றால் மனிதனுக்கு ஏழு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது தப்பு. சான் டியாகோ நகரின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 104 லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயது ஏற ஏற உண்டாகும் மாற்றங்களை ஆராய்ந்து, 2020-ல் புதுக் கணக்கு போட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் முப்பது வயது மனிதருக்குச் சமம். நாலு வயதுக்கு 53. எட்டு வயதுக்கு 64. பன்னிரண்டுக்கு 71. கவனித்தீர்களா? முதல் வருஷத்தில் முப்பதுக்குப் பாய்கிற நாய், எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏழு வயதுதான் ஏறுகிறது. ஜாதிக்கு ஜாதி வித்தியாசம் இருக்கும் என்றாலும், எட்டு வயது என்பது தள்ளாத வயது இல்லை. ரேஸ்கோர்ஸ் ரோட்டில் விடியற்காலை ஷூ மாட்டிக்கொண்டு நம்மை முந்திப் போகிறாரே, அந்த ரிட்டயர்டு மானேஜர் வயது!

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில், ஏழு வயது தாண்டிய நாய்களுக்காகவே 2007-ல் 'மட்வில்' என்று ஒரு காப்பகம் ஆரம்பித்து நடத்துகிறார்கள். பெரிசுகளைத் தேடிப் போய்க் கூட்டிச் செல்கிறவர்கள் அங்கே உண்டு. நம் ஊரில் அந்த வழக்கத்தைத் தொடங்கி வைக்க வேண்டியது நாம்தான்.

பொண்ணு பார்க்கும் படலம்

ஒரே நாளில் முடிவு பண்ணாதீர்கள். வேறு வேறு நாளில் மூன்று தடவை போங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஒரு தடவையாவது கூட்டிப் போங்கள். காப்பகத்தாரிடம் கூச்சமில்லாமல் கேட்க வேண்டியவை:

* எப்படி இங்கே வந்தது? எத்தனை நாளாக இருக்கிறது?

* யாரையாவது கடித்திருக்கிறதா? எந்தச் சந்தர்ப்பத்தில்?

* மற்ற நாய், பூனை, குழந்தைகளோடு எப்படி?

* கருத்தடை ஆகிவிட்டதா? தடுப்பூசி அட்டை இருக்கிறதா?

* உண்ணிக் காய்ச்சல் வந்ததுண்டா? சிறுநீரகம், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்களா?

பிறகு நீங்களே கயிற்றைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடத்திப் பாருங்கள். நொண்டுகிறதா, மூச்சு வாங்குகிறதா தெரியும். வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் காட்டச் சொல்லுங்கள். கண்ணில் லேசாக நீலம் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். வயதான நாய்களுக்கு அது சகஜம். அது வெறும் மூப்பா, கண்புரையா என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

காப்பகக்காரர்கள் சொல்லும் வாய்ப்பாடு இது. முதல் மூன்று நாள் மிரட்சி. மூன்று வாரத்தில் வீட்டு டைம்டேபிள் பிடிபடும். மூன்று மாதத்தில் 'இது நம்ம வீடு' என்ற தைரியம் வரும். டைகர் முதல் இரண்டு நாள் சோறே தொடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, நான் தூங்கிவிட்டேன் என்று நிச்சயமானதும் போய்ச் சாப்பிட்டது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி!

அந்த நாட்களில் குளிப்பாட்டுகிறேன், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்று படுத்தக் கூடாது. ஒரே மூலை, ஒரே தட்டு, நடப்பதற்கு ஒரே தெரு. பழைய இடத்தைத் தேடி ஓடும் வாய்ப்பு உண்டு. ஆகவே வாசல் கேட்டில் கவனம். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் அவசியம். டைல்ஸ் தரையில் வயதான கால் வழுக்கும். இரண்டு சாக்கு விரித்துப் போடுங்கள். சித்திரை வெயிலில் நடத்திப் போகுமுன் உங்கள் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

சாப்பாட்டில் நம் பாசத்தைக் காட்டக் கூடாது. வெங்காயம், பூண்டு, சாக்லேட் நாய்க்கு விஷம். பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையும் அப்படித்தான். பிரியாணி எலும்பு போடவே போடாதீர்கள். வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பள்ளிபாளையம் சிக்கன் வாசனை பிடிக்க மட்டும்!

வருஷா வருஷம் வெறிநோய் ஊசி கட்டாயம். உண்ணி மருந்து மறக்கக் கூடாது. பெரிசுகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுவது நல்லது. திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி ஒன்றுக்குப் போனால் தாமதிக்காதீர்கள். சிறுநீரகமோ சர்க்கரையோ மணி அடிக்கிறது என்று அர்த்தம்.

ஹவுஸ் ஓனர் என்னும் கண்டம்

இந்திய விலங்குகள் நல வாரியம், 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் உருவானது. அபார்ட்மென்ட் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போடக் கூடாது என்று அது 2015-ல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆனால் வாடகைக்குக் குடியிருக்கிற பேச்சுலர் சட்டம் பேசினால் அட்வான்ஸ்தான் திரும்பி வரும். முன்கூட்டியே நேரில் பேசிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நான் பேசிய அழகைக் கேளுங்கள்.

"நாயெல்லாம் ஆகாதுங் தம்பி. ராத்திரியெல்லாம் கொலைக்கும்."

"இது கொலைக்காதுங்க்கா. வயசானதுங்க."

"ஏனுங் தம்பி, கொலைக்காத நாயை வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

பதில் தெரியவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு மாதம் கழித்து, மத்தியானம் நான் ஆபீஸில் இருக்கும்போது டைகர் அவர் வீட்டு வாசற்படியில்தான் தூங்குகிறது என்று தெரிந்தது. மிச்சமான தயிர்சாதம் எங்கே போகிறது என்பதும்!

யாருக்கு வேண்டாம்?

மாதத்தில் இருபது நாள் டூரில் இருக்கிறவர்களுக்கு வேண்டாம். அடுத்த வருஷம் துபாய் விசா வரும் என்று காத்திருப்பவர்களுக்கு வேண்டாம். அவசர ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்க முடியாதவர்களும் யோசிக்க வேண்டும். ஒரு தடவை கைவிடப்பட்ட நாயை இரண்டாவது தடவையும் கொண்டுபோய்க் கூண்டில் விடுவது போன்ற கொடுமை வேறில்லை. இவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பகத்துக்குப் போய் ஒரு நாயை ஒரு மணி நேரம் நடத்திவிட்டு வரலாம். அதுவே புண்ணியம்.

'எல்லாம் சரி, சீக்கிரம் செத்துப் போய்விடுமே!'

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாட்டு நாய்கள் பன்னிரண்டு, பதிமூன்று வயதுவரை சாதாரணமாக இருக்கும். அப்படியானால் எட்டு வயது நாயோடு நமக்குக் கிடைப்பது நாலைந்து வருஷம். நாலு வருஷம் என்றால் ஒரு இன்ஜினீயரிங் டிகிரி. அது சின்னக் காலமா? அந்த நாலு வருஷத்தில்தான் நமக்குச் சிநேகிதர்கள் கிடைத்தார்கள், காதல் வந்தது, அரியர்ஸும் வந்தது!

குட்டியாக வாங்கினாலும் ஒருநாள் போகத்தான் போகிறது. என்ன, துக்கத்தைத் தள்ளிப் போடுகிறோம். பெரிசைக் கூட்டி வருகிறவன் கணக்கைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுகிறான். எனக்கும் தெரியும். டைகர் படியேறும்போது பின்னங்கால் இப்போதே கொஞ்சம் தடுமாறுகிறது. ஒரு நாள் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். தூக்கிக்கொண்டு ஏறுவேன். அது கூண்டுக்குள் சிமென்ட் தரையில் படுத்தபடி யாருக்கோ காத்திருந்து முடிவதைவிட, இது பரவாயில்லை இல்லையா?

2025-ல் சுப்ரீம் கோர்ட்டில் தெருநாய் விவகாரம் நாட்டையே இரண்டாகப் பிரித்தது. ஆகஸ்ட் 11-ம் தேதி, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். 22-ம் தேதி அதைத் திருத்தி, வெறிநோய் பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை ஊசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். நவம்பர் 7-ம் தேதி, நாடு முழுக்கப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன்களிலிருந்து நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற உத்தரவு. டீக்கடைகளில் 'நாய் கட்சி', 'நாய் எதிர்க்கட்சி' என்று ஒரே ரகளை. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டன. காப்பகத்தில் சேர்க்க இடம் வேண்டுமே? ஒரு நாய் உள்ளே வர, ஒரு நாய் வெளியே போயாக வேண்டும். அடிபட்ட ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து நிற்பவரிடம் 'இடமில்லை' என்று சொல்லாமல் இருக்க, முதலில் ஒரு கூண்டு காலியாக வேண்டும்.

ஆகவே பிரதர், நாய் பார்க்கப் போனால் குட்டிகள் இருக்கும் முதல் கூண்டிலேயே நின்றுவிடாதீர்கள். கடைசி வரிசை வரை நடங்கள். எழுந்து வாலாட்டலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே ஒருவர் படுத்திருப்பார். இரண்டு நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். ஜாதகப் பொருத்தமெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்!